கால் மைல் ஓட்டமும் கால் டன் ஜீப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. உங்களை நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார வைத்தவன்தானே, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தால் சிலருக்குக் கோபம் வரும், குறிப்பாக என் சொந்தத்திலேயே இரண்டு மூன்று பேருக்கு. வரட்டும். நேரில் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் சின்னமனூரில் ஒரு காதுகுத்து. என் தங்கையின் பேரன், என்ஜினீயரிங் கடைசி வருடம் படிப்பவன், புதுக் காரில் வந்திறங்கினான். சாப்பிட்டு முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்தில் வந்து, "தாத்தா, பின்னாடி ஸ்பிரிங்கையும் ஷாக்கப்சரையும் மாத்தி நல்லா கெட்டியாக்கப் போறேன். டிராக் ரேஸுக்கு. கால் மைல் ஓட்டம். பைபாஸ்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓட்டிப் பாக்கப் போறோம்" என்றான்.

அவ்வளவுதான். சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "வெளங்குமாடா?", "அப்பன் காசு, அதான் ஆடுது", "கம்பெனிக்காரன் முட்டாளா, நீ மாத்துறதுக்கு?" அதிகமாகச் சத்தம் போட்டவர் என் மைத்துனர் முறை ஆகிறவர். "கம்பெனி குடுத்த வண்டியில கைவைக்கிறது தற்கொலைக்குச் சமம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பையன் முகம் தொங்கிப்போனது.

அவருக்கு ஜீப் இரண்டு ஓடுகிறது. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ட்ரிப் ஜீப். அதில் ஒன்று அன்று பந்தலுக்குப் பின்னால்தான் நின்றது. கை கழுவப் போனவன் குனிந்து பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங் கட்டில் கம்பெனி போட்ட பட்டைகளுக்கு மேல் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு யூ போல்ட்டை நீளமாக்கி முறுக்கியிருந்தது. பெயின்ட் நிறமே வேறு.

பையனைத் திட்டியவர்களில் ஒருவர்கூட அந்த ஜீப்பைத் திட்டவில்லை. நானும் திட்டவில்லை. மொய் எழுதிவிட்டு வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பேசாததை இப்போது பேசுகிறேன். முதலில் பையனுக்கு.

தம்பி, உன் ஆசை தப்பில்லை. நம் பள்ளத்தாக்கில் பந்தயம் பார்க்காமல் வளர்ந்தவன் யார்? மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்ச் காலியாகிவிடும். வேகத்தை ரசிப்பது மனித இயல்பு. ஆனால் நீ செய்யப்போவது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா?

உன் கார் முன்சக்கரம் இழுக்கிற கார். அது சீறிக் கிளம்பும்போது பாரம் பின்னால் போகும். எவ்வளவு போகும்? வண்டியின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகியவற்றைப் பெருக்கி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 1000 கிலோ கார், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி வேகத்தில் கிளம்புகிறது, மையம் அரை மீட்டர் உயரத்தில், சக்கர இடைவெளி இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள். விடை 100 கிலோ. இழுக்க வேண்டிய முன்சக்கரத்திலிருந்து 100 கிலோ கழன்று பின்னால் போய்விடுகிறது. அதனால்தான் முன்டயர் சுழல்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது.

இந்தக் கணக்கில் எங்கேயாவது ஸ்பிரிங்கின் பெயர் வந்ததா? வரவில்லை. பின்ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் வால் பதுங்குவது குறையும். கார் ஆடாமல் கிளம்பும், சக்கரங்களின் கோணம் மாறாமல் இருக்கும். அந்தச் சின்ன லாபம் உண்டு. ஆனால் பின்னால் போகிற அந்த 100 கிலோ போயே தீரும். ஸ்பிரிங் வண்டியின் தோரணையைத்தான் மாற்றும், பாரத்தை மாற்றாது.

பின்சக்கரம் தள்ளுகிற வண்டி என்றால் கதை வேறு. அந்தக் கால அம்பாசடர், நம் ஜீப் எல்லாம் பட்டை ஸ்பிரிங்கில் நிற்பவை. அங்கே அந்தப் பாரம் இழுக்கிற சக்கரத்துக்கே வந்து சேர்வதால் லாபம். ஆனால் வேறு ஒரு தொல்லை வரும். சக்கரம் ஒரு பக்கம் முறுக்க, ஹவுசிங் எதிர்ப்பக்கம் திருகும். அந்தத் திருகலில் பட்டை 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்து, தாங்காமல் விடுபட்டு உதறும். சக்கரம் தரையில் துள்ளும். போதாதற்கு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தை லேசாகத் தூக்கப் பார்க்கும். இதையெல்லாம் அடக்கத்தான் டிராக் பந்தயக்காரர்கள் பட்டையின் முன்பாதியைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள், ஹவுசிங்கிலிருந்து முன்னால் ஒரு கம்பி கொடுத்துத் திருகலைத் தடுக்கிறார்கள், வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் வெவ்வேறு ஸ்பிரிங் போடுகிறார்கள். இது முறையான என்ஜினீயரிங். இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. பின்பக்கத்தைப் பலப்படுத்தியவன் ஹவுசிங்கைப் பார்ப்பான், ஆக்ஸிலைப் பார்ப்பான், டயரைப் பார்ப்பான், பிரேக்கைப் பார்ப்பான், பெல்ட் போடுவான், ஹெல்மெட் மாட்டுவான். ஓடுவதற்குக் கால் மைல், அதாவது 402 மீட்டர் என்றால், நிற்பதற்கும் அதற்குக் குறையாத வெற்று இடம் வைத்திருப்பான். ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். அமெரிக்காவில் இளைஞர்கள் தெருவில் பந்தயம் விட்டுச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1951-இல் அதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து, பந்தயத்தைத் தெருவிலிருந்து தளத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் தமிழ்நாட்டிலும் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தளம் வந்தது. பைக்குகளுக்கான டிராக் போட்டிகள் அங்கே முறையாக நடந்திருக்கின்றன.

பைபாஸ் அப்படியா? சாதாரணக் கார்கூடக் கால் மைல் முடிவில் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். நல்ல ரோட்டில், நல்ல பிரேக்கில், நீ சுதாரித்துக் காலை வைத்து வண்டி நிற்பதற்குள் 130 மீட்டர் போயிருக்கும். நம் பைபாஸில் அந்த 130 மீட்டருக்குள் ஒரு ஆட்டு மந்தை வரும், வாழைத்தார் ஏற்றிய வண்டி திரும்பும், டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பால் கேனோடு ஒருவர் குறுக்கே வருவார். அவர் உன் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவரா? இல்லையே. ஆகவே வேண்டாம் என்கிறேன். பந்தயம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த இடம் வேண்டாம் என்கிறேன். இது உனக்கு.

இனி பெரியவர்களுக்கு. மைத்துனரே, உங்களுக்கும்தான்.

பையன் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் பாரம் குறையாது என்று சொன்னேன். அதே பாடம்தான் உங்கள் ஜீப்புக்கும். ஆறு பட்டை இருந்த இடத்தில் அதே கனத்தில் எட்டுப் பட்டை போட்டால் கட்டின் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். இருபது பேரை ஏற்றினாலும் வால் தொங்காது. பார்ப்பதற்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அந்த இருபது பேரின் எடை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே டயர், அதே ஹவுசிங், அதே பேரிங், அதே வீல் போல்ட், அதே பிரேக் டிரம். கூடியது பட்டை மட்டும்தான். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி பலமாகாது. அறுந்துபோகிற இடம் வேறு கண்ணிக்கு மாறும், அவ்வளவுதான்.

வால் தொங்குவது குறை என்று நினைக்கிறீர்கள். அது வண்டி நம்மிடம் பேசுகிற பேச்சு. "போதும், இதற்கு மேல் ஏற்றாதே" என்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பட்டையைச் சொருகி அதன் வாயை அடைத்துவிடுகிறோம்.

சில வண்டிகளில் இது இன்னும் மோசம். பின்பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்பதை, பாடிக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளியை வைத்து முடிவு செய்கிற ஒரு வால்வு இருக்கும். பாரம் ஏறினால் பாடி இறங்கும், இடைவெளி குறையும், வால்வு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். பட்டை கூட்டிய வண்டியில் பாடி இறங்குவதில்லை. வால்வு வண்டி காலி என்று நம்பும். இருபது பேர் இருக்கிற வண்டிக்குக் காலி வண்டியின் பின்பிரேக்தான் கிடைக்கும். ஆளை ஏமாற்றலாம். வால்வை ஏமாற்றினால் பதில் வளைவில் வரும்.

சரி, காலியாகத் திரும்பும்போதாவது நன்றாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. விறைத்த பட்டை பள்ளம் மேட்டில் மடங்காது. சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஈரத் தரையில் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வண்டி ஓட்டுகிற என் மாணவர்கள் பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

என் அப்பா மாட்டுவண்டி வைத்திருந்தார். மூட்டை ஏற்றும்போது அவர் பார்க்கிற முதல் விஷயம் முன்பாரமா, பின்பாரமா என்பதுதான். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஒரு மூட்டையை அரை முழம் முன்னால் நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, "இப்பச் சரி" என்பார். ஜீப்பின் பின்படியில் நான்கு பேர் தொங்கினால் 200 கிலோ. பின்சக்கரத்துக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் அந்தப் பாரம். சக்கர இடைவெளி 2.3 மீட்டர் என்றால் முன்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோ தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகிறதே, அது இதனால்தான். பட்டை கூட்டினால் மூக்குத் தூக்குவது கண்ணுக்குத் தெரியாது. 80 கிலோ தூக்குவது தூக்கும். மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் படித்ததற்கு என்ன பொருள்?

ஜீப் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அதற்கு வைத்த பெயர் 'கால் டன் டிரக்'. காட்டிலும் மேட்டிலும் 225 கிலோ போல ஏற்றலாம் என்று கணக்கிட்டுச் செய்த வண்டி. பிறகு நம் நாட்டில் வந்த நீள ஜீப்புகள் அதைவிடக் கூடுதலாகச் சுமக்கும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு சுமக்கும் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதித்தானே தந்திருக்கிறார்கள்? பட்டறையில் இரண்டு பட்டை வாங்கிச் சொருகினால் அந்த எண் மாறிவிடுமா?

இப்போது இறக்கத்தைப் பாருங்கள். போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு. உயர வித்தியாசம் சுமார் 1000 மீட்டர். ஆளோடு சேர்த்து இரண்டரை டன் ஜீப் அங்கிருந்து இறங்கினால் அந்த ஆற்றல் இரண்டரைக் கோடி ஜூல். பத்தாம் வகுப்பில் போட்ட கணக்குதான், எடையையும் உயரத்தையும் பெருக்குங்கள். அது எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஏறத்தாழ 85 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருகிற வெப்பம். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட முழுவதும் நான்கு டிரம்முக்குள் போகும். டிரம் காய்ந்து விரிந்து லைனரை விட்டு விலகும். கால் பெடலில் இருக்கும், வண்டி நிற்காது. பட்டை கூட்டியவர் டிரம்மைப் பெரிதாக்கினாரா? இல்லை.

2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வயநாட்டில் மானந்தவாடி பக்கம், கண்ணோத்துமலையில் தேயிலைத் தோட்ட வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். அந்த வண்டியின் ஸ்பிரிங் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மலைச்சாலையில் கூலி வேலைக்குப் போகிற ஜீப் கவிழ்ந்தால் சாகிறவர் யார் என்பதற்காகச் சொல்கிறேன். நம் பக்கத்து மலைகளில் அப்படி விழுந்தவர்களையும் உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் பேசினோம். ஐந்தாம் நாள் அதே ஜீப்களுக்குக் கை காட்டினோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம். வாடகை வண்டியில் கூடுதலாக ஆள் ஏற்றினால்? தலைக்கு 200 ரூபாய். ஆமாம், இருநூறுதான். அந்த ஆட்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்ட பிறகே வண்டியை நகர்த்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படி நகராமல் நின்ற ஜீப் எதையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

ஆக, பையனின் ஸ்பிரிங்கும் சட்டத்துக்கு விரோதம், உங்கள் பட்டையும் சட்டத்துக்கு விரோதம். பையன் பணயம் வைப்பது தன் உயிரையும் ரோட்டில் வருகிற ஒரு சிலரின் உயிரையும். நீங்கள் தினமும் இருபது பேரை வைக்கிறீர்கள். அதுவும் காசு வாங்கிக்கொண்டு. அவனைக் காலி என்கிறோம், உங்களைத் தொழிலதிபர் என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

காதுகுத்து முடிந்து நான்கைந்து நாள் கழித்து, பட்டை வேலை பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். பெயர் வேண்டாம். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். "ஏம்ப்பா, இப்படிப் பட்டை கூட்டிக் கூட்டிக் குடுக்கிறியே, சரியா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "சார், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஹூக் விதி. ஜீப் பட்டையைத்தான் உதாரணம் காட்டுனீங்க. பட்டை கூடுனா பலம் கூடும்னு போர்டுல எழுதிப் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. முப்பது வருடம் அதைத்தான் எழுதிப் போட்டேன். பக்கத்தில் ஜீப் படமும் வரைவேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளை உதாரணம் காட்டினால் மனதில் நிற்கும் என்று எனக்குள் ஒரு பெருமை. விறைப்பு கூடும் என்று சொன்னேன், பாரம் அப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. மீதி உறுப்புகள் எல்லாம் அதே பழைய பலத்தில்தான் இருக்கின்றன என்றும் சொல்லவில்லை. தேர்வில் அது கேட்க மாட்டார்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தேவையான அளவு சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அரைப் பாடம் நடத்தியவன் நான். அந்த அரைப் பாடம்தான் இன்று மலையேறிக்கொண்டிருக்கிறது.

அந்த ஜீப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதுவும் என் மாணவிதான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் எடுத்த பிள்ளை. குடும்பச் சூழ்நிலையால் படிப்பு நின்றது. இப்போது காய் எடுக்கப் போகிறாள். விடியற்காலையில் நான் நடக்கப் போகும்போது ஜீப் நிறுத்தத்தில் தூக்குச்சட்டியோடு நிற்பாள். போன வாரம் அவளிடம், "இவ்வளவு பேர் ஏறுற வண்டியில ஏறாதம்மா" என்றேன். "ஏறலைன்னா நாளைக்கு வேற ஆளக் கூப்பிட்டுக்குவாக சார். பஸ்ஸுல போனா மேட்டுலயிருந்து எஸ்டேட்டுக்கு எப்படிப் போறது? வேல நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஜீப் வந்தது. முட்டி மோதி ஏறினாள். நான் எண்ணிப் பார்த்தேன், டிரைவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. டிரைவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். வண்டிக் கடன், டீசல், டயர், எல்லாம் அவன் தலையில். மைத்துனரே, நீங்கள் என்னிடம் முன்பே ஒருமுறை சொன்னீர்கள், "மச்சான், தலைக்கு இவ்வளவுன்னுதான் காசு. பத்துப் பேரக் கொண்டுபோனா கட்டுபடியாகாது" என்று. அங்கேதான் நோய் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் தலையை எண்ணித்தான் ஏற்றுவான். எண்ணிக்கை கூடினால் வால் தொங்கும், வால் தொங்கினால் பட்டை சொருகுவான். அந்தப் பட்டை இரும்பு இல்லை, அந்தத் தலைக்கணக்கு.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. வேண்டுகோள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வாத்தியார் உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் மாணவர்களே, ஒடிந்த பட்டையை மாற்றிக் கொடுங்கள், தளர்ந்த கட்டைச் சரிசெய்து கொடுங்கள், அது உங்கள் தொழில். கம்பெனிக் கணக்குக்கு மேல் ஒரு பட்டைகூடச் சொருகாதீர்கள். "நான் செய்யலைன்னா அடுத்த பட்டறைக்காரன் செய்வான்" என்று சொல்லாதீர்கள். அடுத்த பட்டறைக்காரனும் பெரும்பாலும் என் மாணவன்தான். அவனிடமும் இதே பதிவைக் காட்டுங்கள்.

ஜீப் வைத்திருக்கும் உறவினர்களே, கூட்டிய பட்டையைக் கழற்றுங்கள். வால் தொங்கினால் தொங்கட்டும். தொங்கும்போது இரண்டு பேரை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றுங்கள். இறக்கத்தில் நியூட்ரலைத் தொடாதீர்கள்.

எஸ்டேட் வைத்திருக்கும், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் மாணவர்கள் சில பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தலைக்கணக்கை விட்டுவிட்டு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று வாடகை பேசுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் வந்திறங்கினால் அந்த ட்ரிப்புக்குக் காசு இல்லை என்று சொல்லிப் பாருங்கள். ஒரே வாரத்தில் பட்டை தானாகக் கழன்றுவிடும். ஏலக்காய் என்ன விலைக்குப் போகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதில் இன்னொரு ஜீப்பின் வாடகைக்கு இடம் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அரசு வேலையில் இருக்கும் மாணவர்களே, ஆட்களை எண்ணுவதோடு நிற்காமல் குனிந்து பட்டையையும் எண்ணுங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டு பக்கமும் காலை, மாலை வேலை நேரத்துக்குப் பேருந்து வேண்டும் என்று மனு எழுதித் தர நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் தயாரா?

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களே, நீங்கள் ஊருக்கு வரும்போது போடிமெட்டு ஏறி மூடுபனியில் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். அழகாக இருக்கிறது, விருப்பக்குறியும் போடுகிறேன். அடுத்த முறை எதிரே வருகிற ஜீப்பையும் ஒருமுறை பாருங்கள். அதில் உங்கள் வகுப்புத் தோழி இருக்கலாம்.

கடைசியாக என் பேரனுக்கு. அன்று உன்னைத் திட்டும்போது நான் சும்மா இருந்தது தப்பு. உன் தப்பைச் சொல்லியிருக்க வேண்டும், உன்னைத் திட்டியவர்களின் தப்பையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். பைபாஸ் வேண்டாம். அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் போட்டி நடக்கும்போது நாம் இருவரும் போவோம். பஸ் செலவும் டிக்கெட்டும் என் பென்ஷனில். பின்ஸ்பிரிங்கை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நீ எனக்குக் காட்டு. வண்டி நிற்பதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் உனக்குக் காட்டுகிறேன்.

மைத்துனருக்கு இந்தப் பதிவை நானே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போவேன், டார்ச் லைட்டோடு. ஜீப்புக்கு அடியில் பார்ப்பேன். பட்டை இருந்தால் சாப்பிடாமல் திரும்பி வருவேன்.

பின்னூட்டத்தில் "அருமை சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் வீட்டு வண்டியில் எத்தனை பட்டை என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்